மலை சைக்கிள் வாங்கப் போகிறீர்களா? பல்லைப் பிடித்துப் பாருங்கள்!

"அப்பா, இதைப் பாருங்கப்பா... 21 கியர்! முன்னாடி பின்னாடி ரெண்டு பக்கமும் ஸ்பிரிங்! டிஸ்க் பிரேக்! எல்லாம் சேர்த்து 14 ஆயிரம்தான்!"

"ஏண்டா, நம்ம தெருவுல எங்கேடா மலை இருக்கு? நான் காலேஜ் முடிக்கிற வரைக்கும் ஒரே ஒரு கறுப்பு சைக்கிள்தான் ஓட்டினேன். கியரும் கிடையாது, ஒண்ணும் கிடையாது!"

"ஏங்க, அவனுக்கு மட்டுமா கேட்கிறான்? சுகர் எட்டிப் பார்க்குது, தினமும் சைக்கிள் ஓட்டுங்கன்னு உங்களுக்கும்தானே டாக்டர் சொல்லியிருக்காரு? ஆளுக்குக் கொஞ்ச நேரம் ஓட்டுங்களேன்!"

அம்மா சொன்ன பிறகு அப்பீல் ஏது? சைக்கிள் வந்துவிடும். சந்தனம், குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி இறக்கி, பையன் தெருவை நாலு சுற்று சுற்றுவான். அப்பா ஒரு வாரம் விடியற்காலையில் ஓட்டுவார். அப்புறம்..? "முட்டி வலிக்குது" என்பார் அப்பா. "மேடு ஏற மாட்டேங்குது" என்பான் பையன். மூன்றாவது மாதம் அதன் ஹேண்டில் பாரில் துண்டு காயும்.

குறை ஓட்டியவர்களிடம் இல்லை. தேர்ந்தெடுத்ததில்தான். கியரையும் ஸ்பிரிங்கையும் எண்ணினார்கள். உடம்புக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கவில்லை. மவுன்டன் பைக் எனப்படும் மலை சைக்கிளை 15 முதல் 25 ஆயிரம் ரூபாய்க்குள் முதன்முதலாக வாங்குகிறவர்கள், பணத்தை எதில் போட வேண்டும், எதில் போடக் கூடாது? பார்ப்போம்.

பிறந்த கதையிலேயே ஒரு பாடம்

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மரின் கவுன்ட்டி என்ற பகுதி. அங்கே டமால்பைஸ் என்று ஒரு மலை. 1970களில் சில இளைஞர்கள் 1930, 40களில் செய்த பழைய தடித்த டயர் சைக்கிள்களைத் தேடிப் பிடித்து, மலைமேல் கொண்டுபோய், மண்பாதையில் இறங்கி விளையாடினார்கள். 1976 அக்டோபரில் அதையே பந்தயமாக நடத்தினார்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கிற பழைய பிரேக் அது. கீழே வந்து சேர்வதற்குள் சூடேறி, உள்ளே இருக்கும் கிரீஸ் புகைந்து போகும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புதுக் கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பந்தயத்துக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்துவிட்டது.

மலைக்கென்றே புதிதாக ஃப்ரேம் செய்யும் வேலையை 1977இல் ஜோ பிரீஸ் என்பவர் தொடங்கினார். 1981இல் 'ஸ்டம்ப்ஜம்பர்' என்ற மாடல் தொழிற்சாலையில் தயாராகிக் கடைக்கு வந்தது. 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்ஸில் மலை சைக்கிள் பந்தயமும் சேர்ந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த இளைஞர்களின் சைக்கிள்களில் ஸ்பிரிங் கிடையாது. தடித்த டயர், உறுதியான ஃப்ரேம், நம்பகமான பிரேக்... இந்த மூன்றும்தான் மலை சைக்கிளின் உயிர்நாடி. மற்றவை எல்லாம் பிறகு வந்து சேர்ந்தவை.

முதல் கேள்வி: எங்கே ஓட்டப் போகிறீர்கள்?

கடைக்குப் போகுமுன் வீட்டில் உட்கார்ந்து யோசியுங்கள். காலையில் தார் ரோடு மட்டுமா? குண்டும் குழியுமான தெரு, ஏரிக்கரை, வயல்வெளி மண்பாதை எல்லாமுமா? லீவுக்கு ஏற்காடு, ஏலகிரி என்று போய் ஓட்டும் ஆசை உண்டா?

முழுக்க முழுக்கத் தார் ரோடுதான் என்றால் மலை சைக்கிளே தேவையில்லை. ஹைபிரிட் என்று கடைகளில் கிடைக்கும் மெல்லிய டயர் சைக்கிள் போதும். அதே மிதிக்கு அதிக தூரம் போகும். பாதிக்குப் பாதி மோசமான ரோடும் மண்பாதையும் என்றால் தாராளமாக மலை சைக்கிள் வாங்கலாம். இன்னொரு விஷயம்... காப்புக்காடுகளுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் சைக்கிளோடு நுழைய முடியாது. மலைக்குப் போனாலும் பொதுப்பாதையில்தான் ஓட்ட வேண்டியிருக்கும்.

சட்டை வேறு, சைக்கிள் வேறு

"ஒரு சைஸ் பெரிசாவே கொடுங்க. வளர்ற பையன்!" ஜவுளிக்கடையில் சொல்கிற இந்த வசனத்தை சைக்கிள் கடையில் சொல்லாதீர்கள். பெரிய சட்டை தொளதொளவென்று இருக்கும், அவ்வளவுதான். பெரிய சைக்கிளில் திடீரென்று காலை ஊன்ற முடியாது. ஹேண்டில் பார் எட்டாமல் குனிந்து குனிந்து முதுகு பிடித்துக்கொள்ளும்.

சைஸ் என்றதும் 26, 27.5, 29 என்பார்கள். அது சக்கரத்தின் அளவு, அங்குலத்தில். உங்கள் உடம்புக்குப் பொருந்த வேண்டியது ஃப்ரேமின் அளவு. தோராயமாகச் சொன்னால், 5 அடி முதல் 5 அடி 4 அங்குலம் வரை உயரம் உள்ளவர்களுக்கு 14-15 அங்குல ஃப்ரேம், 5 அடி 8 வரை 16-17, அதற்கு மேல் 6 அடி வரை 18-19. ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி கணக்கு மாறும். அதனால் உங்கள் காலையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்.

வெறுங்காலோடு சுவரில் முதுகு ஒட்டி நில்லுங்கள். ஒரு தடிமனான நோட்டுப் புத்தகத்தை இரண்டு கால்களுக்கும் நடுவே வைத்து, சீட்டில் உட்கார்ந்தால் எப்படி அழுத்துமோ அப்படி மேலே இழுத்துப் பிடியுங்கள். புத்தகத்தின் மேல் விளிம்பு சுவரில் தொடும் இடத்தில் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். தரையிலிருந்து அந்தக் கோடு வரை எத்தனை சென்டிமீட்டர்? அதுதான் உங்கள் உள்கால் அளவு.

ஃப்ரேமின் மேல்கம்பிக்கு இருபுறமும் கால் போட்டு நின்றால், கம்பிக்கும் உங்களுக்கும் நடுவே குறைந்தது 5 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். மண்பாதையில் சறுக்கி, சட்டென்று இறங்க நேர்ந்தால் இந்த 5 சென்டிமீட்டர்தான் மானத்தைக் காப்பாற்றும்!

அப்பாவும் பிள்ளையும் ஒரே சைக்கிள் ஓட்டலாமா? உயரத்தில் 2, 3 அங்குலம்தான் வித்தியாசம் என்றால் சீட்டை ஏற்றி இறக்கிச் சமாளிக்கலாம். ஒருவர் 5 அடி, இன்னொருவர் 5 அடி 9 என்றால் வேண்டாம். யார் அதிகம் ஓட்டுவாரோ அவருக்குப் பொருந்துவதை வாங்குங்கள்.

இரண்டு ஸ்பிரிங், இரட்டிப்புத் தொல்லை

பின்னால் உள்ள ஸ்பிரிங் பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் இந்த விலையில் வருகிற பின்பக்க ஸ்பிரிங் பெரும்பாலும் வெறும் சுருள்கம்பிதான். நீங்கள் மிதிக்கும் பலத்தில் ஒரு பங்கை அது ஏறி இறங்கியே தின்றுவிடும். எடையும் கூடும். முன்பக்கம் மட்டும் ஸ்பிரிங் உள்ள சைக்கிள் 14, 15 கிலோ என்றால், இது 17, 18 கிலோவுக்குப் போய்விடும். இரண்டாவது மாடியில் குடியிருப்பவர்கள் யோசித்துப் பாருங்கள்!

நல்ல பின்பக்க ஸ்பிரிங் உண்டு. அதன் விலை லட்சக்கணக்கில். நம் பட்ஜெட்டுக்கு முன்பக்கம் மட்டும் 80 முதல் 100 மில்லிமீட்டர் வரை அமுங்குகிற ஃபோர்க் போதும். தார் ரோட்டில் ஆட்டம் இல்லாமல் பூட்டிக்கொள்ள ஒரு திருகு இருந்தால் இன்னும் நல்லது. கடையில் முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில் பாரைப் பலமாக அழுத்துங்கள். 'டொங்'கென்று துள்ளி எழுந்தால் வேண்டாம். அமுங்கி, நிதானமாக எழ வேண்டும். ஸ்பிரிங்கே இல்லாத சைக்கிளும் கேவலம் இல்லை. அந்தப் பணம் பிரேக்கிலும் சக்கரத்திலும் போயிருந்தால் அதுவே மேல்.

மாடு வாங்குகிற மாதிரி...

மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். கியர் சைக்கிளுக்கும் அதேதான்!

முன்னால் 3 பல்சக்கரம், பின்னால் 7 என்றால் பெருக்கி 21 கியர் என்கிறார்கள். ஆனால் அதில் பல ஜோடிகள் கிட்டத்தட்ட ஒரே பலத்தைத்தான் தரும். சில ஜோடிகளில் செயின் கோணலாக ஓடித் தேயும். முன்னால் பெரியது, பின்னாலும் பெரியது என்பது அப்படி ஒரு ஜோடி. அதனால் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். முன்னால் உள்ள மிகச் சிறிய சக்கரத்தின் பற்களையும், பின்னால் உள்ள மிகப் பெரிய சக்கரத்தின் பற்களையும் எண்ணுங்கள்.

இரண்டிலும் 28 பல் என்றால் பெடல் ஒரு சுற்றுக்குப் பின்சக்கரமும் ஒரு சுற்று. 26 அங்குல சக்கரம் என்றால் சுமார் 2 மீட்டர் நகரும். மேட்டில் இது மூச்சு வாங்கவைக்கும். முன்னால் 24, பின்னால் 34 பல் இருந்தால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை மீட்டர்தான். மிதிப்பது லேசு, முட்டிக்குச் சுமை குறைவு. மேடு ஏற உதவுவது இந்தக் கணக்குதான். 21க்கும் 24க்கும் உள்ள வித்தியாசம் இல்லை.

புது மாடல்கள் சிலவற்றில் முன்னால் ஒரே பல்சக்கரம்தான் இருக்கும். "கியர் குறைச்சலா இருக்கே" என்று ஒதுக்க வேண்டாம். பின்னால் உள்ள பெரிய சக்கரத்தில், முன்னால் இருப்பதைவிடப் பல் அதிகமாக இருந்தால் போதும். பழுதாகவும் இடம் குறைவு.

பிரேக்கில் சிக்கனம் வேண்டாம்

இந்த விலையில் மூன்று வகை உண்டு. ரிம்மை ரப்பர் கட்டையால் பிடிக்கும் வி-பிரேக். ஒயரால் இழுக்கும் டிஸ்க் பிரேக். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக். டிஸ்க் என்றாலே உசத்தி என்று நினைக்காதீர்கள். மட்டமான டிஸ்க்கைவிட நல்ல வி-பிரேக் மேல். கட்டை தேய்ந்தால் தெருமுனைக் கடையிலேயே மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மழையிலும் சேற்றிலும் ரிம் நனைந்தால் அதன் பிடி குறையும். மண்பாதை, மலை இறக்கம் எல்லாம் உண்டு என்றால் தரமான டிஸ்க் நல்லது. பட்ஜெட் இடம் கொடுத்தால் ஹைட்ராலிக். இரண்டு விரலால் இழுத்தாலே நிற்கும்.

லீவரை அழுத்தினால் அது கைப்பிடியைத் தொடக் கூடாது. எந்தக் கை எந்தச் சக்கரத்துக்கு என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன்பிரேக்குக்குத்தான். ஆனால் இறக்கத்தில் அதை மட்டும் 'லபக்'கென்று பிடித்தால் தலைகுப்புற விழ நேரிடும். இரண்டையும் சேர்த்து, மெல்ல மெல்லப் பிடிக்கப் பழக வேண்டும்.

இல்லத்தரசிகளுக்கு ஒரு வார்த்தை... கிறீச்சென்று சத்தம் கேட்கிறதே என்று பிரேக்கில் தேங்காய் எண்ணெயோ மெஷின் ஆயிலோ விட்டுவிடாதீர்கள். எண்ணெய் பட்ட பிரேக் பிடிக்காது. ஆபத்து!

20 ஆயிரத்தை எப்படிப் பிரிப்பது?

கையில் 20 ஆயிரம் இருந்தால் சைக்கிளுக்கு 16, 17 ஆயிரம்தான் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். ஏனென்றால் பெல், லைட், மட்கார்டு, ஸ்டாண்டு இவையெல்லாம் பல மலை சைக்கிள்களில் கூடவே வராது. ஹெல்மெட், பூட்டு, காற்றடிக்கும் பம்ப் வேறு வாங்க வேண்டும்.

இதில் ஹெல்மெட்டைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். புருவத்துக்கு மேல் இரண்டு விரற்கடை தூரத்தில் அது உட்கார வேண்டும். தாடைப் பட்டைக்குள் ஒரு விரல், மிஞ்சினால் இரண்டு விரல் நுழையலாம். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட், வெளியே கீறல் தெரியாவிட்டாலும், மறுபடி உதவாது.

செகண்ட் ஹேண்டில் வாங்கினால் நல்ல சைக்கிள் மலிவாகக் கிடைக்கும். ஃப்ரேமின் மூட்டுகளில், முக்கியமாக ஹேண்டில் பாருக்குக் கீழே, விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். செயினை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். ஒரு ஆணியிலிருந்து எண்ணினால் 24ஆவது ஆணி சரியாக 12 அங்குலத்தில் இருக்க வேண்டும். எட்டில் ஒரு அங்குலம் தள்ளி இருந்தால் செயினோடு பல்சக்கரத்துக்கும் சேர்த்துச் செலவு காத்திருக்கிறது!

கடையில் 10 நிமிடம்

ஓட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். எல்லா கியரையும் மாற்றிப் பாருங்கள். சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றினால் கோணலாக ஆடக் கூடாது. பெட்டியில் வரவழைத்து வீட்டில் பூட்டுகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. இடது பெடலின் மரை எதிர்த்திசையில் இருக்கும். வலதுபோல நினைத்துத் திருகினால் மரை போய்விடும். முன் ஃபோர்க்கைப் பின்பக்கமாகத் திருப்பி மாட்டிவிடுகிறவர்களும் உண்டு. ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்துப் பூட்டுவதே நல்லது. முதல் மாதத்தில் ஒயர்கள் தளர்ந்து கொடுக்கும். அதனால் ஒரு மாதம் கழித்து ஒரு சர்வீஸ் அவசியம்.

உடம்பு சொல்வதைக் கேளுங்கள்

சைக்கிள் வந்தாச்சு. இனி சீட்டின் உயரம். உள்கால் அளவை எழுதி வைத்தீர்களே... அதை 1.09ஆல் பெருக்குங்கள். 76 சென்டிமீட்டர் என்றால் சுமார் 83. பெடலைச் சீட்டுக்கம்பியின் நேர்கோட்டில் கடைசிவரை கீழே இறக்கிவிட்டு, அதன் அச்சிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இந்த அளவு இருக்கட்டும். கணக்கு பிடிக்காதவர்களுக்கு எளிய வழி: குதிகாலைப் பெடலில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். ஓட்டும்போது முன்பாதத்தை வைத்தால் முழங்கால் லேசாக மடங்கி இருக்கும். "கால் ரெண்டும் தரையில பதியணும்" என்று சீட்டைத் தாழ்த்தி ஓட்டுகிறோமே, முட்டிவலிக்கு அது ஒரு முக்கிய காரணம். கரடுமுரடான இறக்கத்தில் மட்டும் சீட்டைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளலாம்.

முட்டியின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வாக இருக்கலாம். ஒரு அரை சென்டிமீட்டர் ஏற்றிப் பாருங்கள். பின்பக்கம் வலித்தாலோ, மிதிக்கும்போது இடுப்பு இருபுறமும் ஆடினாலோ, சீட் உயரம் அதிகம். உள்ளங்கையும் சுண்டுவிரலும் மரத்துப் போனால் உடம்பின் பாரம் கையில் இறங்குகிறது என்று அர்த்தம். சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். உட்காருமிடம் முதல் பத்து நாள் வலிப்பது சகஜம். அதற்காக மெத்தென்ற சீட்டைத் தேட வேண்டாம். மெத்தை அமுங்க அமுங்க, மென்மையான பாகங்களில்தான் அழுத்தம் கூடும்.

கனமான கியரில் முக்கி முக்கி மிதிக்காதீர்கள். லேசான கியரில், 15 வினாடிக்குப் பெடல் 18 முதல் 20 சுற்று வருகிற மாதிரி மிதியுங்கள். முட்டி நன்றி சொல்லும்.

டயரில் காற்று கல் மாதிரி இருக்க வேண்டியதில்லை. அதன் பக்கவாட்டிலேயே எவ்வளவு அடிக்கலாம் என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த எல்லைக்குள் தார் ரோட்டுக்குக் கொஞ்சம் கூடுதல், மண்பாதைக்குக் கொஞ்சம் குறைவு. செயினுக்கு மூடி இல்லாத சைக்கிள் இது. துப்பட்டாவை முடிந்துகொள்ளுங்கள். பேன்ட்டின் அடியில் ஒரு ரப்பர் பேண்ட் போடுங்கள்.

எவ்வளவு ஓட்டலாம்?

பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தினம் 30 நிமிடம், வாரம் 5 நாள். பேச முடியும், ஆனால் பாட முடியாது... அந்த வேகம் போதும். முதல் வாரம் 10, 15 நிமிடத்தில் தொடங்குங்கள். சைக்கிள் இதயத்துக்கும் சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்கும் நல்லது. உடம்பின் பாரத்தைச் சீட் தாங்குவதால் மூட்டுக்கும் இதம். ஆனால் அதே காரணத்தால் எலும்பை உறுதியாக்குவதில் அது அவ்வளவாக உதவாது. அதனால் நடப்பதையும் மாடிப்படி ஏறுவதையும் விட்டுவிடாதீர்கள்.

இன்சுலின் போடுகிறவர்களும் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் எப்போது, எவ்வளவு ஓட்டலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். சட்டைப் பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். ஷூ போட்டே ஓட்டுங்கள். வந்ததும் பாதத்தில் கொப்புளம் இருக்கிறதா என்று பாருங்கள். இதய நோயாளிகளும் டாக்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. நெஞ்சில் வலி, தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல்... எது வந்தாலும் உடனே நிறுத்துங்கள். தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

முதல் சைக்கிள் பொருந்தாமல் போனால் 15 ஆயிரம் மட்டுமா நஷ்டம்? "நமக்கு சைக்கிள் ஒத்துவராது" என்று ஒரு நல்ல பழக்கத்துக்கே முழுக்குப் போட்டுவிடுவோம். பெரிய நஷ்டம் அதுதான். அதனால் கடைக்குக் கிளம்புமுன் சுவரில் அந்தப் பென்சில் கோட்டைப் போட்டுவிடுங்கள். துண்டு காயப்போட வீட்டில் வேறு கொடி இருக்கிறது!